ஆலாவுக்கு ஒன்றரை, இளவரசிக்கு இரண்டு

"காக்கா!"

"காக்கா இல்லடி, ஆலா!"

"ஆலா இல்லன்னு நான் சொன்னேனா? படத்துல காக்காவா கீதுன்றேன்!"

"அதுக்கு நான் இன்னா பண்றது? பறவையே கருப்பா…"

"கருப்பா? அதுவா கருப்பு? என் கண்ணு இன்னா அவிஞ்சா போச்சி? மேல பாரு, வெள்ளை வெளேர்னு…"

"அப்ப நீயே எடு!"

"குடு, எடுக்கறேன்!"

"குடுக்க மாட்டேன்!"

உத்திரமேரூர் ஏரியின் மதகோரம் நின்றுகொண்டு, ஒரே கேமராவை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி சாந்தினியும் இளவரசியும் இப்படிக் கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் யூனிபார்மைக்கூட மாற்றாமல் நேராக ஏரிக்கு வந்திருந்தார்கள். கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று தலையைத் தூக்கி இவளைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, நமக்கெதற்கு வம்பு என்று மறுபடி புல்லுக்குக் குனிந்தது.

மழைக்காலம்தான். ஆனால் அன்றைக்கு மழை இல்லை. வெளுத்த வேட்டியை இழுத்துக் கட்டினது மாதிரி வானம் முழுக்க வெள்ளை மேகம். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆனாலும் அண்ணாந்து பார்த்தால் கண் கூசியது. அந்த வெள்ளையில்தான் ஆலாக்கள் பறந்துகொண்டிருந்தன. நீள இறக்கை, வெள்ளை வயிறு. மதகிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் தலைகீழாகப் பாய்ந்து, மீனைக் கொத்திக்கொண்டு, வந்த வேகத்தில் மேலே போய்விடும்.

கண்ணுக்கு அத்தனை அழகு. படத்திலோ, வெள்ளைத் தாளில் மை சிந்தினது போல ஒரு கருப்பு உருவம். அடுத்த படத்திலும் அதே கதை. அதற்கு அடுத்ததில் வால் மட்டும். அதுவும் கருப்பு.

இதெல்லாம் ஆரம்பித்தது புதன்கிழமை. பள்ளிக்கூடத்தில் 'எங்கள் ஏரிப் பறவைகள்' என்று ஒரு பெரிய பலகை வைக்கப்போவதாக ராஜஸ்ரீ டீச்சர் சொன்னார். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பறவையைப் படம் எடுத்து வரவேண்டும். கொக்கு, நாரை, முக்குளிப்பான் என்று ஆளாளுக்குக் கை தூக்கினார்கள்.

"ஆலா, டீச்சர்," என்றாள் சாந்தினி. "கடல்ல பறக்கிற பறவை. நம்ம ஏரிக்கும் வருது. நான் பாத்தேன்."

வகுப்பே சிரித்தது.

"கடலு எங்க கீது, உத்திரமேரூரு எங்க கீது? பஸ் புடிச்சா வந்துச்சி?" என்று கேட்டான் ஸ்ரீகாந்த். கடைசி பெஞ்சுக்காரன். அடையாள அட்டையை எப்போதும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கயிறு மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருப்பான். வாய் மட்டும் எதற்குள்ளும் அடங்காது.

"வரும்ப்பா," என்றார் டீச்சர். "ஆலா, கடற்காகத்துக்குச் சொந்தம். மழைக்காலத்துல ஏரிக்கும் வரும்."

'காகம்' என்ற அந்த ஒரு வார்த்தை போதாதா ஸ்ரீகாந்துக்கு?

"காகத்துக்குச் சொந்தமா? அப்ப நம்ம காக்காவுக்கு அது சித்தப்பா பையன்!"

டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "ஆலாவுக்குக் கண்ணுக்குப் பின்னால மை தீட்டின மாதிரி கருப்பா இருக்கும், சாந்தினி. அது படத்துல தெரியணும். அப்புறம் யாரும் காக்கான்னு சொல்ல முடியாது. திங்கட்கிழமை பலகையை மாட்டணும். கிடைக்கலைன்னா பரவாயில்லை, நெட்ல இருந்து ஒரு படம் எடுத்து ஒட்டிக்கலாம்."

அதுதான் சாந்தினிக்குப் பிடிக்கவில்லை. நெட்டில் இருப்பது எந்த ஊர் ஆலாவோ! அதை ஒட்டினால், நம் ஏரிக்கு ஆலாவே வராது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா?

அதனால்தான் அம்மாவின் பழைய கேமராவை வாங்கிக்கொண்டு வந்தாள். அதனால்தான் இளவரசியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள். இளவரசிக்குக் கண் கூர்மை. ஏரியின் அந்தக் கரையில் ஒரு பறவை இறக்கையை அசைத்தால் இந்தக் கரையிலிருந்து சொல்லிவிடுவாள்.

இப்போதும் அவள்தான் முதலில் பார்த்தாள். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு, "தோ வருது! ஒனக்கு எடது பக்கம்!" என்று கத்தினாள்.

சாந்தினி கேமராவைத் திருப்பினாள். டக், டக், டக். ஆலா நேராக இளவரசியின் தலைக்கு மேலேயே பறந்தது. கேமராவும் கூடவே போனது.

இளவரசி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "என்னை எடுத்தியா? அழி! மொதல்ல அழி!"

"ஆலாவைத்தான்டி எடுத்தேன்."

"நானும் சேந்து வுழுந்துட்டேன். அழின்னா அழி!"

"வுழுந்தா இன்னா இப்போ? எப்படியும் கருப்பாதானே தெரியப்போற!"

கேமராவின் மேல் இருந்த கோபத்தில்தான் சாந்தினி அப்படிச் சொன்னாள். ஆனால் சொல் போய் விழுந்தது வேறு இடத்தில். இளவரசி புத்தகப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கழுத்தில் அவளுடைய அடையாள அட்டை ஆடியது. எப்போதும் போலப் பின்பக்கம் திரும்பியிருந்தது.

"நாளைக்கு நான் வரல," என்றாள். "நெட்டு படமே ஒட்டிக்கோ."

கரையிலிருந்து இறங்கி விறுவிறுவென்று போய்விட்டாள்.

சாந்தினியின் அம்மா கஸ்தூரி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போட்டோ, ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். சாந்தினி உர்ரென்று வந்து கேமராவை மேசைமேல் வைத்தாள்.

"எந்தச் சக்கரத்தையும் திருப்பலியே? நான் செட் பண்ணி வெச்சிக்கீறேன்."

"திருப்பலம்மா. எல்லாம் காக்காவா வந்துக்கீது. கம்ப்யூட்டர்ல கொஞ்சம் வெளுப்பாக்கேன்."

அம்மா செய்து பார்த்தார். கருப்பு வெள்ளையாகவில்லை, சாம்பலானது. உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாகக் கிளம்பியது.

"சாம்பல் பூசின காக்கா," என்றாள் சாந்தினி.

"வேற எடு போ. இதுல ஒண்ணியும் தேறாது." யாரோ ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தார்கள். அம்மா எழுந்து போனார்.

சாந்தினி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். காக்கா, காக்கா, வால். நடுவில், கை தவறி எடுத்த எருமையின் படம் ஒன்று. அடுத்து, மூலையில் இளவரசி அகப்பட்டுக்கொண்ட படம்.

தள்ளின கை நின்றது.

இளவரசியின் முகத்தில் கண்ணைக் காணோம், மூக்கைக் காணோம். நெற்றியில் அவள் வைக்கும் பெரிய வட்டப் பொட்டையும் காணோம். இளவரசி கருப்புதான், புளியங்கொட்டை மாதிரி பளபளவென்று ஒரு கருப்பு. இது அந்தக் கருப்பு இல்லை. இது வெறும் இருட்டு.

சாந்தினி எருமைப் படத்துக்குத் திரும்பிப் போனாள். எருமையின் கண் தெரிந்தது. கொம்பின் கோடுகள் தெரிந்தன. மூக்கின் மேல் உட்கார்ந்திருந்த ஈகூடத் தெரிந்தது!

எருமை மூக்கில் உட்கார்ந்த ஈ தெரிகிறது, இளவரசியின் மூக்கே தெரியவில்லை என்றால், தப்பு யார் மேல்?

எருமைக்குப் பின்னால் புல். இளவரசிக்குப் பின்னால் வானம். ஆலாவுக்குப் பின்னாலும் வானம்.

அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டைக்குப் படம் எடுத்த அன்று பாதியில் கரண்ட் போய்விட்டது. அதுவரை எல்லாரையும் உள்ளே சுவரோரம் நிறுத்தி எடுத்தார்கள். கடைசி நாலைந்து பேரை மட்டும் வராந்தா விளிம்பில், வானம் பின்னால் இருக்க நிறுத்தி, அவசர அவசரமாக எடுத்து முடித்தார்கள். இளவரசி அந்தக் கடைசி நாலைந்து பேரில் ஒருத்தி.

அன்றிலிருந்துதான் அவளுடைய அட்டை பின்பக்கம் திரும்பியே இருந்தது.

'எப்படியும் கருப்பாதானே தெரியப்போற.' தான் சொன்னது இப்போது சாந்தினியின் காதில் திரும்பக் கேட்டது. சே! அவள் அந்த மூலைப் படத்தை அழித்தாள். பிறகு அம்மாவிடம் போய் நெடுநேரம் நச்சரித்து, ஒரு அனுமதி வாங்கினாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே இளவரசியின் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"நான் தூங்கறேன்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"தூங்கறவ எப்படிடி பேசுவ?"

"தூக்கத்துல பேசறேன். போ."

"இளவரசி, நேத்து நான் கேமராவைத்தான் சொன்னேன். ஆனா சொன்னது தப்பு. உன் வாய் மாதிரி என் வாயையும் சும்மா வெச்சிருந்திருக்கணும்."

"என் வாய் சும்மாவா கீது?" கதவு கொஞ்சம் திறந்தது. ஒரு கண் மட்டும் தெரிந்தது. "இன்னா வேணும்?"

"வானத்தப் பாரு."

இளவரசி அண்ணாந்து பார்த்தாள். அன்றும் அதே வெள்ளை மேகம். கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

"ஏன் கண்ண சுருக்கற?"

"கூசுது."

"கேமராவுக்கும் கூசுது! அதுவும் கண்ண சுருக்கிக்குது. சுருக்கினா வானத்துக்குச் சரியாப் போச்சி. வானத்துக்கு முன்னால கீறவங்கதான் இருட்டாயிடுறாங்க. ஆலாவும் அப்படித்தான், நீயும் அப்படித்தான்."

கதவு முழுதாகத் திறந்தது.

"அத்த சுருக்காதன்னு சொல்லணும்," என்றாள் சாந்தினி. "தோ, இந்த ப்ளஸ், மைனஸ் சக்கரம். கல்யாணத்துல பொண்ணு ஜன்னலோரம் நின்னா எங்க அம்மா இத்தத்தான் திருப்புவாங்க. நான் பாத்துக்கீறேன்."

"தொடக்கூடாதுன்னு உங்கம்மா சொன்னாங்கன்னியே?"

"கேட்டுட்டேன். திரும்பவும் நடுவுல வெச்சிக் குடுக்கணுமாம். ஆனா எவ்ளோ திருப்பணும்னு தெரியல. வெச்சிப் பாத்தாத்தான் தெரியும். ஆலா ஒரு எடத்துல நிக்காது…" சாந்தினி இழுத்தாள். "நீ நிப்ப."

"போட்டோவா? நானா? மாட்டேன்!"

"கேமரா உன் கையிலதான் இருக்கும். எடுக்கறப்ப மட்டும் எங்கிட்ட குடு. படத்த நீ மொதல்ல பாரு. புடிக்கலன்னா அழிச்சிடு. நான் கேக்கவே மாட்டேன்."

இளவரசி கால் விரலால் தரையைத் தேய்த்தாள்.

"அழிக்கிற பட்டன் எது, காட்டு," என்றாள்.

மதகில் ஒரு இரும்புக் கைப்பிடி உண்டு. பாதியில் வளைந்து, துருப்பிடித்து நிற்கும். அதன் பக்கத்தில் இளவரசி நின்றாள். பின்னால் முழுக்க வானம். முதல் படத்தைச் சக்கரம் நடுவில் இருக்கும்போதே எடுத்தார்கள். இளவரசி வாங்கிப் பார்த்தாள். பட்டென்று அழித்தாள்.

ப்ளஸ் பக்கம் ஒன்று. அழித்தாள். அடுத்து ஒன்றரை.

"மூக்கு வந்துடுச்சி!" என்றாள், ஆனாலும் அழித்தாள்.

சக்கரம் இரண்டுக்கு வந்தது. டக். இளவரசி கேமராவை வாங்கினாள், பார்த்தாள். அழிக்கிற பட்டன் மேலிருந்த விரல் அங்கேயே நின்றது.

சாந்தினி சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை நேரம்தான் ஏரியைப் பார்ப்பது?

"இன்னாடி ஆச்சி?"

"பொட்டு தெரியுது," என்றாள் இளவரசி. பிறகு, "பல்லு சந்துகூட தெரியுது." அப்புறம் மெதுவாக, "இது நான்தான்."

சாந்தினியும் எட்டிப் பார்த்தாள். ஆமாம். புளியங்கொட்டைப் பளபளப்போடு, பொட்டோடு, பல் சந்தோடு இளவரசியேதான். பின்னால் வானம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. போனால் போகட்டும், வானத்துக்கா அடையாள அட்டை வேண்டும்?

"இன்னும் ஏத்திப் பாக்கலாமா?"

மூன்றில் எடுத்தார்கள். இளவரசி விழுந்து விழுந்து சிரித்தாள். "இது யாருடி? சுண்ணாம்பு அடிச்ச செவுரு!" அதைத் தானே ஆசையாக அழித்தாள்.

"ஆலா சும்மா நிக்காது. நீயும் றெக்கை அடி, அசையறப்ப எப்படி வருதுன்னு பாக்கலாம்."

இளவரசி இரண்டு கையையும் விரித்து அடித்தாள். "கிர்ரீச்! கிர்ரீச்!" என்று குரல் வேறு கொடுத்தாள். நேற்றைய எருமை இன்றும் அங்கேதான் மேய்ந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை அது பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. எழுந்த சத்தத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு கரையிறங்கி ஓடியது.

அந்தப் பக்கம் நிஜ ஆலாக்கள் வந்தன. சாந்தினி சக்கரத்தை மறுபடி இரண்டில் வைத்து எடுத்தாள். இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

"ஆலா எங்கடி?"

"இதோ கண்ணு கீது, அலகு கீது… உடம்பைக் காணோம்!"

வெள்ளை வயிறு வெள்ளை மேகத்தோடு கரைந்துபோயிருந்தது. ஒரு கண்ணும் ஒரு அலகும் மட்டும் தனியாகப் பறந்துகொண்டிருந்தன.

"அதுவே வெள்ளை," என்றாள் சாந்தினி. "அதுக்கு ரெண்டு ஜாஸ்தி."

ஒன்றுக்கு இறக்கினாள். வயிறு கொஞ்சம் அழுக்கு வேட்டி மாதிரி வந்தது. ஒன்றரை வைத்தாள். ஆனால் இப்போது ஆலாக்களைக் காணவில்லை. இரண்டு பேரும் காத்திருந்தார்கள். சாந்தினியின் கை வலித்தது. மேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கருத்துக்கொண்டு வந்தது.

"மழை வந்துடும்டி. போலாம்."

"இரு," என்றாள் இளவரசி. அவள் கண் எங்கோ தூரத்தில் இருந்தது. "இரு… இரு… அந்தக் கோடியிலிருந்து ஒண்ணு வருது. தண்ணியப் பாத்துக்கினே வருது. மதகுக்குத்தான் வரும். தயாரா இரு. இப்போ எறங்கும். எறங்கிடுச்சி! மேல வருது, எடு!"

டக், டக், டக், டக்.

ஒன்றில் வால் இல்லை. ஒன்றில் தலை இல்லை. மூன்றாவது படத்தில், வளைந்த கைப்பிடிக்கு மேலே, இறக்கை இரண்டையும் முழுக்க விரித்துக்கொண்டு ஆலா. வெள்ளை வயிறு வெள்ளையாக இருந்தது. மேகத்திலிருந்து தனியாகவும் தெரிந்தது. அலகில் ஒரு சின்ன மீன். கண்ணுக்குப் பின்னால்…

"மை!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

முதல் தூறல் விழுந்தது. சாந்தினி கேமராவைத் துப்பட்டாவுக்குள் சுற்றிக்கொண்டாள். ஓடிக்கொண்டே சொன்னாள்: "ஆலாவுக்கு ஒண்ணரை, உனக்கு ரெண்டு. ஞாபகம் வெச்சிக்கோ."

"எனக்கு மட்டும் ஏன் ஜாஸ்தி?"

"நீ இளவரசியாச்சே!"

கடைக்குள் நனைந்துகொண்டு நுழைந்தவர்களைப் பார்த்ததும் அம்மா முதலில் கேமராவைத்தான் வாங்கித் துடைத்தார். "சக்கரம்?"

"நடுவுல வெச்சிட்டேன்."

ஆலாவின் படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டார். அது இயந்திரத்திலிருந்து வெளியே வர வர, முதலில் இறக்கை, பிறகு கண், பிறகு மீன் என்று இரண்டு பேரும் அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். அடுத்து இளவரசியின் படத்தைத் திரையில் திறந்தார்.

"அட, லட்சணமா கீதே! கொஞ்சம் கலராக்கிடட்டா கண்ணு? எல்லாரும் அதான் கேப்பாங்க." பழக்கத்தில் அம்மாவின் கை தானாகவே மவுஸை நகர்த்தியது. இளவரசியின் கன்னம் வெளுக்க ஆரம்பித்தது.

"வேணாம்!" என்று இரண்டு குரலும் சேர்ந்து வெடித்ததில் அம்மா பயந்தே போய்விட்டார்.

"இன்னாடி இது?"

"அது மூணும்மா," என்றாள் சாந்தினி. "அவளுக்கு ரெண்டுதான்."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கையை எடுத்துவிட்டு, இருந்தபடியே அச்சுப் போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை பலகை மாட்டியாயிற்று. கொக்குக்கும் முக்குளிப்பானுக்கும் நடுவில் மீனோடு பறந்தது ஆலா. கீழே, 'ஆலா. உத்திரமேரூர் ஏரி. படம்: சாந்தினி, இளவரசி' என்று டீச்சர் தன் கையாலேயே எழுதியிருந்தார்.

ஸ்ரீகாந்த் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தான். தள்ளி நின்று பார்த்தான்.

"நெட்டுதானே இது?"

"மூலையில இன்னா கீது, பாரு," என்றாள் சாந்தினி.

மூலையில் மதகின் வளைந்த கைப்பிடி. அது மதகுக் கைப்பிடிதானா என்று வேறு யாரும் கேட்கலாம், ஸ்ரீகாந்த் கேட்க முடியாது. போன வருஷம் அதில் தொங்கி, கீழே விழுந்து, முட்டியைப் பெயர்த்துக்கொண்டவன் அவன்தான்.

"சித்தப்பா பையன் நல்லாத்தான் கீறான்," என்று முணுமுணுத்துவிட்டுப் போனான்.

மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தது. சாந்தினியும் இளவரசியும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள். இளவரசியின் அட்டை முன்பக்கம் திரும்பியிருந்தது. டீச்சரிடம் கேட்டுவிட்டு, பழைய படத்தின் மேல் புதுப் படத்தை அளவாக வெட்டி ஒட்டியிருந்தாள்.

ஸ்ரீகாந்த் தனியாக வந்தான். வந்தவன் போகவில்லை. மரத்தைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான், கடைசியில் இளவரசியின் அட்டையைப் பார்த்தான்.

"இன்னாடா, புளிசாதம் வேணுமா?" என்றாள் சாந்தினி.

"வேணாம்." சட்டைப் பைக்குள்ளிருந்து தன் அட்டையை மெதுவாக இழுத்து வெளியே எடுத்தான். வகுப்பில் யாருமே பார்த்திராத அட்டை. அதில் பின்னால் பளீரென்று வானம் இருந்தது. முன்னால் இரண்டு காதும், நடுவில் இருட்டும் இருந்தன.

அவனும் அந்தக் கடைசி நாலைந்து பேரில் ஒருவன்!

சாந்தினிக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. 'காக்கா' என்று ஒரே ஒரு தடவை சொல்லலாம் போலிருந்தது. ஆனால் அவள் சொல்லவில்லை, இளவரசியைப் பார்த்தாள்.

இளவரசி அட்டையை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு பத்திரமாக அவன் கையிலேயே கொடுத்தாள்.

"சனிக்கிழமை ஏரிக்கு வா, எடுத்துடலாம்," என்றாள். "ஆனா ஒண்ணு. மதகோரம் நின்னு ஆலா மாதிரி றெக்கை அடிக்கணும். அடிப்பியா?"